ஃபெம்டோநொடி லேசர் ஆராய்ச்சிக்குப் போவது எப்படி? கொங்கு மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தமிழ்வழிப் பள்ளி, கோவையில் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும், அப்புறம் வடக்கே பி.எச்டி., கொஞ்ச காலம் ஐரோப்பா. மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைப் பொருள்மேல் பாய்ச்சி, உள்ளே எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் வேலை. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், பொள்ளாச்சி பக்கக் கல்லூரிகளுக்குப் பேசப் போனால் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். பெற்றோர்கள் கேட்டவையும் இதில் உண்டு. அவைதான் பதில் சொல்லக் கடினமானவை.

அதிவேக லேசர் என்றால் அந்த ஒளி வேகமாகப் போகுமா?

போகாது. எந்த ஒளியானாலும் வெற்றிடத்தில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தான். இங்கே வேகம் என்பது துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பற்றியது. கடையில் வாங்கும் லேசர் பாயின்டர் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் லேசர் விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வோர் அடியும் 30 ஃபெம்டோநொடி போல நீடிக்கும்.

ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோநொடி. அந்த நேரத்தில் ஒளி 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். 30 ஃபெம்டோநொடித் துடிப்பின் நீளம் 9 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்தத் துடிப்பில் இருக்கும் ஆற்றல் வெறும் ஒரு மில்லிஜூல். ஆனால் அவ்வளவு சின்ன நேரத்துக்குள் அதை அடைத்துவிட்டால், அந்தக் கணத்தில் திறன் சுமார் 33 ஜிகாவாட் ஆகிவிடும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறன் 1,440 மெகாவாட். அதைப்போல இருபது மடங்குக்கும் மேல். நொடிக்கு ஆயிரம் துடிப்பு அடித்தாலும் சராசரி ஒரு வாட்தான் வரும் என்பதால் மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏசிக்குத்தான் அதிகம் போகும்.

அவ்வளவு குறுகிய நேரம் எதற்கு?

நம் ஊர் நூல்மில்லில் ஸ்ட்ரோபாஸ்கோப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டில்மேல் அந்த விளக்கை விட்டு விட்டு அடித்தால், சுற்றுகிற ஸ்பிண்டில் நின்றதுபோலத் தெரியும். ஒரு சுற்றுக்கு 3 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, விளக்கு மின்னும் நேரம் அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் கலங்காமல் தெரிகிறது. நாங்களும் அதையேதான் செய்கிறோம், ஸ்பிண்டிலுக்குப் பதில் மூலக்கூறு.

மூலக்கூறுகள் பத்து, நூறு ஃபெம்டோநொடிக் கணக்கில் அதிர்கின்றன. வேதிப்பிணைப்பு முறிவதும் அந்தக் கணக்கில்தான். பிணைப்பு முறிகிற அந்தக் கட்டத்தை ஃபெம்டோநொடித் துடிப்புகளால் பார்த்துக் காட்டியதற்காகத்தான் எகிப்தில் பிறந்த அகமது ஜெவைலுக்கு 1999இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எலக்ட்ரானைப் பார்க்க அதுவும் போதாது. ஹைட்ரஜன் அணுவில், நீல்ஸ் போரின் அணு மாதிரிக் கணக்குப்படி, எலக்ட்ரான் ஒரு சுற்று வர சுமார் 150 அட்டோநொடி. ஆயிரம் அட்டோநொடி சேர்ந்தால்தான் ஒரு ஃபெம்டோநொடி. 2001இல் பியர் அகோஸ்தினி குழு 250 அட்டோநொடித் துடிப்புகளின் வரிசையை உண்டாக்கியது. அதே காலத்தில் ஃபெரென்ஸ் க்ராவுஸ் குழு 650 அட்டோநொடித் தனித் துடிப்பைப் பிரித்தெடுத்தது. இவை இரண்டுக்கும் அடித்தளம், 1987இல் ஆன் லுயிலியே மந்த வாயுவுக்குள் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தி, உள்ளே போன அலைவெண்ணின் பல மடங்குகள் வெளியே வருவதைக் கண்டது. மூவருக்கும் 2023 இயற்பியல் நோபல்.

எந்தக் கடிகாரத்தில் அளப்பீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எந்த மின்னணுக் கருவியாலும் இதை நேரடியாக அளக்க முடியாது. வேகமான ஒளி உணரிகள்கூடப் பிகோநொடியோடு, அதாவது ஆயிரம் ஃபெம்டோநொடியோடு, நின்றுவிடும். அதனால் நேரத்தை நீளமாக மாற்றி அளக்கிறோம்.

லேசர் கற்றையை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்று நேரே போகும். மற்றொன்று நகரும் மேடைமேல் உள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வரும். முதல் துடிப்பு பொருளைத் தட்டி எழுப்பும், பின்னால் வரும் துடிப்பு என்ன நடக்கிறது என்று பார்க்கும். மேடையைப் பின்னே தள்ளத் தள்ள இரண்டாவது துடிப்பு தாமதமாக வந்து சேரும்.

இனி ப்ளஸ் டூ செய்முறை நோட்டை எடுங்கள். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். மேடையை அந்த அளவு நகர்த்தினால் ஒளி போய்த் திரும்ப 0.02 மில்லிமீட்டர் கூடுதல் தூரம். அதைக் கடக்க ஆகும் நேரம் 67 ஃபெம்டோநொடி. நீங்கள் கம்பியின் விட்டம் பார்த்த அதே திருகின் ஒரு கோடு, எங்கள் துடிப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம்! நாங்கள் இதைவிட நுணுக்கமாக நகரும் மோட்டார் மேடை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு துடிப்பும் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்று பார்க்க ஒரு மெல்லிய பிபிஓ (பீட்டா பேரியம் போரேட்) படிகத்தில் இரண்டையும் லேசான கோணத்தில் சந்திக்க வைப்போம். உள்ளே போவது 800 நானோமீட்டர், கண்ணுக்கு மங்கலான சிவப்பாகவே தெரியும். படிகத்துக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தால் ஒவ்வொரு கற்றையும் தன் வழியில் ஒரு நீலப் புள்ளி போடும். துடிப்புகள் இரண்டும் நேரத்தில் ஒன்றோடொன்று பொருந்தும்போது மட்டும் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று எழும். திருகை ஒரு கோடு திருப்பினால் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த நடுப்புள்ளியைத் தேடி வாரக்கணக்கில் உட்காருவதுண்டு. கிடைத்துவிட்டால் அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ அவர்கள் செலவு.

மேஜைமேல் உள்ள கருவி அவ்வளவு திறனில் உடைந்துவிடாதா?

உடையும். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் இந்தத் துறை அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் அவருடைய வழிகாட்டி ஜெரார் மூரூவும் 1985இல் வழி சொன்னார்கள். துடிப்பை முதலில் நேரத்தில் இழுத்து நீட்டு, நீண்டதால் உச்சத்திறன் குறையும், அப்போது ஆற்றலை ஏற்று, கடைசியில் திரும்ப அமுக்கு. ஸ்ட்ரிக்லாண்ட் அப்போது பி.எச்டி. மாணவி. 2018இல் இருவருக்கும் நோபல். இன்றைக்கு உலகில் எந்த உயர்திறன் ஃபெம்டோநொடி ஆய்வகத்துக்குப் போனாலும் நீட்டும் பெட்டி, ஏற்றும் பெட்டி, அமுக்கும் பெட்டி என்று இந்த மூன்றும் இருக்கும்.

ஐ.ஐ.டி.யில் படித்தால்தான் இதற்குப் போக முடியுமா?

இல்லை. என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேருக்குமேல் அரசுக் கலைக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி என்று வந்தவர்கள்தான். ஆனால் "திறமை இருந்தால் போதும்" என்று மேடையில் சொல்வதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம். கதவு தேர்வுகள் வழியாகத்தான் திறக்கிறது.

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத்தேர்வை எழுதுங்கள். அதில் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் போகலாம். கோவையிலோ சேலத்திலோ எம்.எஸ்சி. படிக்கிறீர்கள் என்றால் இரண்டாம் ஆண்டில் நெட், கேட், ஜெஸ்ட் மூன்றையும் எழுதுங்கள். ஜெஸ்ட் என்பது முக்கியமாக இயற்பியல் பி.எச்டி. சேர்க்கைக்காக நடக்கும் தேர்வு. நம் பக்கம் நிறையப் பேருக்கு அதன் பெயரே தெரியாது, எனக்கு அதுதான் வருத்தம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனித் தேர்வு வைக்கிறது.

ஆய்வகங்கள் எங்கே என்று கேட்டால்: மும்பையில் டாட்டா நிறுவனம், இந்தூரில் ராஜா ராமண்ணா மையம், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகமும் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும், ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி.கள், ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்). சென்னையிலேயே, தரமணியில், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தேசிய அதிவேக நிகழ்வுகள் மையம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஹங்கேரியின் செகெட் நகரில் அட்டோநொடிக்கென்றே கட்டிய இஎல்ஐ மையம் வெளியாட்களுக்கும் லேசர் நேரம் ஒதுக்குகிறது.

தமிழ்வழியில் படித்தேன், ஆங்கிலம் பயமாக இருக்கிறதுங்க.

ஆறு மாதம் பயமாக இருக்கும், அப்புறம் போய்விடும். கருத்தரங்கில் பேச வேண்டிய ஆங்கிலம் மொத்தமே சில நூறு சொற்கள், அவையும் திரும்பத் திரும்ப வருபவை. நேர்முகத்தில் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். "ஒளி ஏன் கண்ணாடியில் வளைகிறது?" என்று கேட்டால் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். அடுத்த "ஏன்" வரும்போது கரும்பலகையில் படம் போட்டுப் பேசத் தெரிய வேண்டும். படம் போட்டு உடைந்த ஆங்கிலத்தில் விளக்கியவர்களைத் தேர்வுக்குழு எடுத்துக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எம்.எஸ்சி. பிராஜெக்டில் கிரிஸ்டல் வளர்த்தேன். அது இதற்கு உதவுமா?

நம் பக்கம் இயற்பியல் துறைகளில் எங்கே பார்த்தாலும் பீக்கரில் படிகம் வளர்ந்துகொண்டிருக்கும். உப்பைக் கரைத்து, வடிகட்டி, துளையிட்ட தாள் மூடி, மெல்ல ஆவியாக விட்டு, விதைப்படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் காலையில் வந்து எட்டிப் பார்ப்பது. இதை ஏளனமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நேரியலா ஒளியியலுக்குள், அதாவது பொருளுக்குள் போன ஒளி நிறமே மாறி வருவது போன்றவற்றைப் படிக்கும் துறைக்குள், நுழைய நம்மிடம் இருக்கும் மலிவான வாசல் அதுதான். அகச்சிவப்பு என்டி-யாக் லேசரை உள்ளே விட்டால் 1064 நானோமீட்டர் பாதியாகி 532 ஆக, பச்சையாக வெளியே வருவதை உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். மேலே சொன்ன பிபிஓ படிகத்தில் எழும் நீலப் புள்ளிகளும் அதே இயற்பியல்தான்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, பிராஜெக்ட் அறிக்கையில் ஒப்பிட வைத்துக்கொள்ளும் கேடிபி படிகத்தைக் காட்டி, "கேடிபியைவிட இத்தனை மடங்கு" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். ஏன் சில படிகம் மட்டும் இரட்டிப்பாக்குகிறது, சமச்சீர் மையம் உள்ள படிகம் ஏன் செய்யாது, உள்ளே போகும் அலையும் வெளியே வரும் அலையும் கட்டத்தில் (ஃபேஸில்) ஏன் பொருந்த வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். பெரிய படிகம் வளர்த்ததைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஃபெம்டோநொடி ஆய்வகத்தில் பெரிய படிகம் தொல்லை. பிபிஓவில் 800 நானோமீட்டரும் அதன் பாதியான 400உம் வெவ்வேறு வேகத்தில் போவதால், ஒரு மில்லிமீட்டர் தடிமனிலேயே சுமார் 200 ஃபெம்டோநொடி விலகிவிடும். அதனால் அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர், இன்னும் மெல்லிசாகச் சீவி மெருகேற்றியதுதான் எங்களுக்கு வேண்டும்.

இரண்டாவது, இசட்-ஸ்கேன். குவிந்த கற்றையின் வழியே பொருளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளியால் அதன் ஒளிவிலகல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனை. சின்ன லேசர், ஒரு லென்ஸ், ஒரு துளைத்தகடு இருந்தால் போதும் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். 532 நானோமீட்டர் தொடர் லேசரை வைத்து எடுத்துவிட்டு, பொருளின் ஒளிவிலகல் மாற்றம் பிரமாதம் என்று கட்டுரை போடுகிறார்கள். தொடர் லேசர் பொருளைச் சூடாக்கும், சூடான இடம் லென்ஸ்போல வளைக்கும். உங்களுக்குக் கிடைத்த பெரிய எண்ணில் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சூட்டின் வேலை. எலக்ட்ரானின் உடனடி மறுமொழி அதில் காணாத அளவுக்குச் சின்னது. அதைத் தனியாகப் பார்க்க ஃபெம்டோநொடித் துடிப்பு வேண்டும், துடிப்புகளுக்கு நடுவே பொருள் ஆறுவதற்கு இடைவெளியும் வேண்டும். நேர்முகத்தில் இந்த வேறுபாட்டை நீங்களாகவே சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

சேர்வதற்கு முன் என்ன படித்து வைக்க வேண்டும்?

ஒளியியல், மின்காந்தவியல், குவாண்டம். இவை எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். நான் அழுத்திச் சொல்வது ஃபூரியர் மாற்றம், ஒரு துடிப்பில் எந்தெந்த நிறங்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கணிதம். தேர்வுக்குத் தொகையீடு போடுவதோடு விட்டுவிடுகிறோம், இந்தத் துறையில் அதில்தான் சோறு. துடிப்பு குறுகக் குறுக அதில் நிறங்கள் கூடியே ஆக வேண்டும். 800 நானோமீட்டரில் 30 ஃபெம்டோநொடி வேண்டுமானால் 31 நானோமீட்டர் அகல நிறமாலை கட்டாயம். 10 ஃபெம்டோநொடி என்றால் 94. லேசர் ஒளியை உண்டாக்கும் டைட்டானியம்-சஃபயர் படிகம் இந்தத் துறையை ஆண்டதற்குக் காரணமே அது அவ்வளவு அகலமான நிறமாலையைத் தரும் என்பதுதான்.

அப்புறம் பைத்தான். ஒரு துடிப்பு கண்ணாடித் தகட்டுக்குள் போய் எப்படி நீள்கிறது என்று நீங்களே ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. லேப்டாப் போதும்.

லேத் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பையன், இதற்குச் சரிப்படுவானா?

ரொம்பவே. பரிசோதனை ஆய்வகத்தில் ஆள் எடுக்கும்போது மதிப்பெண்ணுக்கு அடுத்து நான் பார்ப்பது கையைத்தான். ஆணி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விரலில் தெரிகிறவர், மரை போவதற்கு முன்பே நிறுத்துகிறவர், கிடைக்காத பாகத்தைத் தானே கடைந்துகொள்கிறவர். எங்கள் மேஜையில் 25 மில்லிமீட்டருக்கு ஒரு எம்6 மரைத்துளை இருக்கும், அதில்தான் கண்ணாடிகளைத் தாங்கும் தண்டுகளைப் பூட்டுவோம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் யானை விலை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தப் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தாலும் இரண்டு நாளில் கடைந்து தந்துவிடுவார்கள். கண்ணாடியைத் திருப்பும் நுண்திருகுகள் மட்டும் விலைக்கு வாங்கத்தான் வேண்டும்.

பொறுமையும் வேண்டும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். ஒளியின் ஒரு பாதை மட்டும் அவ்வளவு நீண்டுவிட்டால் 40 ஃபெம்டோநொடி தப்பிவிடும். அதனால் ஏசி ஒரு டிகிரி ஏறினால் அன்றைய அளவீடு குப்பை. மதியம் முழுக்கக் கற்றையைச் சீர்படுத்தி, ராத்திரி நடமாட்டம் ஓய்ந்த பிறகு தரவு எடுப்பதுதான் பல ஆய்வகங்களில் வழக்கம்.

லேசரால் கண் போய்விடுமா?

போகும். கவனக்குறைவுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 800 நானோமீட்டர் மங்கலாகத் தெரிவதால் பலவீனமான ஒளி என்று நினைத்துவிடுவோம், ஆபத்து அதில்தான். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. மோதிரம், வாட்ச், வளையல் கழற்றி வைக்க வேண்டும். சங்கிலியை உடைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், குனியும்போது அது வெளியே தொங்கினால் கற்றை பட்டுத் தெறிக்கும். கீழே விழுந்த ஆணியை எடுக்கக் கற்றையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஷட்டரை மூடு, அப்புறம் குனி.

இதில் ஒரு கிளைக்கதை. 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மூரூ அங்கே இருந்த காலத்தில், ஒரு மாணவரின் கண்ணில் ஃபெம்டோநொடிக் கற்றை பட்டுவிட்டது. பரிசோதித்த கண் மருத்துவர், காயம் வழக்கத்துக்கு மாறாகச் சுற்றிலும் சிதையாமல் துல்லியமாக இருப்பதைக் கவனித்தார். அங்கே தொடங்கிய கூட்டு வேலைதான் பிளேடு இல்லாத லேசிக் ஆனது. ஒளி கருவிழிக்குள் ஊடுருவிப் போகும், குவிந்த புள்ளியில் மட்டும் பல ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்பட்டு வெட்டும். சூடு சுற்றுப்புறத்துக்குப் பரவ நேரமே கிடைப்பதில்லை. இன்று கோவையில் அந்தச் சிகிச்சை செய்துகொள்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது.

பையன் எப்பங்க சம்பாதிப்பான்?

ஓர் அம்மா கேட்டார், பக்கத்தில் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நேரடியாகச் சொல்கிறேன். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள தொகை. சம்பளம் என்று சொல்ல முடியாது, ஆனால் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியதில்லை. பணம் சில சமயம் தாமதமாக வரும், அதற்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பி.எச்டி.க்கு ஐந்தாறு ஆண்டு. அதன்பின் வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டு. திரும்பி நிரந்தர வேலையில் உட்காரும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும். கூடப்படித்தவன் அதற்குள் பனியன் கம்பெனி வைத்து வீடு கட்டியிருப்பான். அந்த ஒப்பீடு தாங்கமுடியாத வீடாக இருந்தால் வேண்டாம். தோட்டத்தை விற்று, கடன் வாங்கி இந்தப் படிப்புக்கு அனுப்பத் தேவையே இல்லை. அப்படிக் காசு கேட்கும் இடமாக இருந்தால் அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம்.

அம்மிணிக்குக் கல்யாண வயசு தாண்டிருமேங்க?

கல்யாணம் ஆகி பி.எச்டி. முடித்தவர்களும் இருக்கிறார்கள், முடித்துக் கல்யாணம் செய்தவர்களும் இருக்கிறார்கள், செய்துகொள்ளாதவர்களும். அதை நான் தீர்மானிக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2023 வரை இயற்பியல் நோபல் வாங்கிய பெண்கள் ஐந்தே பேர். அதில் ஸ்ட்ரிக்லாண்டும் லுயிலியேவும் இந்தத் துறைக்காரர்கள். இன்னொருவர் மரியா கோப்பர்ட் மேயர், அவருக்கு அணுக்கரு ஆய்வுக்காக 1963இல் பரிசு. ஆனால் ஓர் அணு இரண்டு ஃபோட்டானை ஒரேயடியாக விழுங்க முடியும் என்று 1931இலேயே கணக்குப் போட்டவர் அவர், லேசரே இல்லாத காலத்தில். முதல் லேசரை மெய்மன் இயக்கிக் காட்டியது 1960இல்தான். லுயிலியே சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் நோபல் அழைப்பு வந்தது. இடைவேளையில் பேசிவிட்டுத் திரும்பப் போய் மீதி வகுப்பை எடுத்தார். நடைமுறையில் பார்க்க வேண்டியது, ராத்திரி தரவு எடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்ப வண்டி வசதி உண்டா என்பது. சேரும் முன் அங்கே படிக்கும் மாணவிகளிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், லேசர் இப்போது ஓடுகிறதா, பழுதாகி நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவது கேள்வி வேடிக்கையில்லை. உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு மாணவரின் ஆண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

மின்னஞ்சல் எழுதும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு படத்தைப் பற்றி இரண்டு வரி கேளுங்கள். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் உட்காரலாம். சரிப்படுமா என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பரிசோதனை பிடிக்காது, கணக்குதான் பிடிக்கும் என்றால்?

கோட்பாட்டுப் பக்கம் போங்கள். ஒளியிழைக்குள் வடிவம் மாறாமல் ஓடும் சாலிட்டான் துடிப்புகளைப் பற்றிய கணிதத்தில் தமிழ்நாடு நல்ல பெயர் எடுத்திருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். லட்சுமணன் கட்டியெழுப்பிய நேரியலா இயங்கியல் மையம் அதற்குச் சாட்சி. கரூரிலிருந்து பஸ் ஏறினால் பக்கம்தான்.

படித்துவிட்டுக் கோவைக்கே திரும்பி வர முடியுமா?

முடியும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஃபெம்டோநொடிப் பெருக்கி லேசர் ஒன்றுக்குச் சில கோடி ஆகும், வழக்கமான கல்லூரி நிதியில் வராது. ஒளியிழை லேசரிலிருந்து தொடங்கலாம். கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டு, விடுமுறையில் பெரிய மையத்தில் லேசர் நேரம் வாங்கி அளவீடு எடுத்து, தரவை இங்கே உட்கார்ந்து அலசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நல்ல வழியாகவே படுகிறது.

தொழில்துறை என்றால், இங்கே தகடு வெட்டும் லேசர்கள் பெரும்பாலும் கிலோவாட் கணக்கில் உருக்கி வெட்டுபவை. ஃபெம்டோநொடி லேசர் அப்படியில்லை. எலக்ட்ரான்கள் வாங்கிய ஆற்றல் பொருளின் அணு அடுக்குக்குப் போய்ச் சேரச் சில பிகோநொடி ஆகும். துடிப்பு அதற்குள் முடிந்துவிடுவதால் ஓரம் உருகாமல், பிசிறு இல்லாமல் வெட்டும். இதய ஸ்டென்ட், ஃபோன் கண்ணாடி என்று நுண்வேலைக்கு அதுதான். உருக்கி வெட்டும் தொழில் தெரிந்த ஊருக்கு இந்த வேலையும் வரும் என்று நம்புகிறேன், எப்போது என்று சொல்லமாட்டேன்.

ஆய்வகத்தைச் சும்மா ஒருதடவை பார்க்க வரலாமா?

தாராளமாக. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டி நிறைய நிறுவனங்கள் ஆய்வகங்களைத் திறந்துவிடுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களை உள்ளே விடுகிறது, தேதியை அவர்களுடைய இணையதளத்தில் பாருங்கள். கோவையிலிருந்து காலை ரயிலில் போனால் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். கூட்டம் அதிகம் இருக்கும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். லேசர் அறைக்குச் செருப்போடு விடமாட்டார்கள், வெளியே கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.